உயிர் மீண்டபின் உடலும் மீள வேண்டும்
தேவிகுளம் மலைப்பகுதியும் மறுவாழ்வுச் சிகிச்சையும் (உரை வடிவம்)

தேவிகுளம் வட்டத்தின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து கிள்ளும் பெண் தொழிலாளி ஒருவர், கடும் நிமோனியாவால் மூச்சுத் திணறி மலையிலிருந்து இறக்கப்படுகிறார் என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு மூன்று வாரங்கள் கிடந்து அவர் உயிர் பிழைக்கிறார். மருத்துவமனைப் பதிவேட்டில் அவர் 'குணமடைந்து வீடு திரும்பியவர்' எனக் குறிக்கப்படுகிறார். ஆனால் அவரைச் சுமந்து வந்த ஜீப், சாலையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து அவர் வீட்டுக்கு நாற்பது படிகள் ஏற வேண்டும். முதற்படியிலேயே கால்கள் மடங்குகின்றன. இருவர் அவரைத் தூக்கிச் செல்கின்றனர். பதிவேடு எங்கே முடிகிறதோ, அங்கேதான் அவரது நோயின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது.

இந்த இரண்டாம் பகுதிக்கு யார் பொறுப்பு என்பதே இவ்வுரையின் பொருள். உயிரைக் காப்பது மருத்துவத்தின் முதற்கடமை. காக்கப்பட்ட உயிர் எழுந்து நடந்து, தன் கையால் உண்டு, தன் தொழிலுக்குத் திரும்பும்போதுதான் அக்கடமை நிறைவு பெறுகிறது. நலத்துறை அலுவலர்களாகவும் மருத்துவப் பணியாளர்களாகவும் வரவிருக்கும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை முதலிலேயே உணர்ந்துகொள்வது நலம்.

தீவிர சிகிச்சை தந்த புதிய கடமை

தீவிர சிகிச்சை என்பது மருத்துவ வரலாற்றில் பழமையானதன்று. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தனர். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் முறையைக் கையாண்டார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்து அப்பைகளை அழுத்தினர். இறப்பு விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த மாணவர்களின் கைகளிலிருந்தே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது என்று கூறினால் மிகையாகாது.

அடுத்த அரை நூற்றாண்டுக் காலம், எத்தனை பேர் பிழைத்தனர் என்பதே இப்பிரிவுகளின் வெற்றிக்கு அளவுகோலாக இருந்தது. பிழைத்தவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்ற வினா தாமதமாகவே எழுந்தது. கனடாவின் டொரண்டோ நகரில், கடுமையான நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரை ஓராண்டுக் காலம் பின்தொடர்ந்த ஆய்வு 2003ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஓராண்டு கழிந்தும் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரே வேலைக்குத் திரும்பியிருந்தனர். நுரையீரல் பெரிதும் தேறிவிட்டது, தசைகள் தேறவில்லை. இந்நிலைக்கு 'தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய கூட்டறிகுறி' என்ற பெயர் 2010ஆம் ஆண்டில் கூடிய வல்லுநர் கூட்டத்தின் வழியே நிலைபெற்றது. பெயர் கிடைத்தபின்னரே அது மருத்துவத்தின் கண்களுக்குத் தெளிவாகப் புலப்படத் தொடங்கிற்று.

உடலில் நிகழ்வது என்ன?

அசையாது படுத்திருக்கும் உடல் தன்னைத் தானே உண்ணுகிறது. கடும் தொற்றும் காய்ச்சலும் தசைப் புரதத்தைச் சிதைக்கின்றன. செயலற்றிருப்பதால் புதிய புரதம் உருவாவதும் குறைகிறது. இலண்டன் நகரில் நிகழ்த்தப்பட்டு 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, தீவிர சிகிச்சையின் முதற் பத்து நாட்களிலேயே தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு ஆறில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குவதைக் கண்டறிந்தது. கருவி மூச்சு விடும்போது உதரவிதானமும் ஓய்ந்து மெலிகிறது. நரம்புகளும் தாக்குறுவதுண்டு, அதனால் பாதம் தொங்கிப்போகிறது. மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே இறுகுகின்றன. ஒரே பக்கம் படுத்திருப்பதால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றுகிறது. தொண்டைக் குழாய் எடுக்கப்பட்டபின் விழுங்குவதில் தடுமாற்றம் ஏற்பட்டு, உணவு மூச்சுக்குழாய்க்குள் செல்லும் அபாயமும் உண்டு.

மனமும் தப்புவதில்லை. இரவும் பகலும் ஒன்றாகிப்போன அறையில் கிடந்தவர்களுக்குக் குழப்பமும் கொடுங்கனவுகளும் தோன்றுகின்றன. வீடு திரும்பியபின் மறதி, அச்சம், உறக்கமின்மை ஆகியவை தொடர்கின்றன. 'ஆள் பழைய ஆளாக இல்லை' என்று குடும்பத்தார் கூறுவது இதனைத்தான். இதனைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ கொள்வது பெரும் தவறாகும்.

எனவே இயன்முறை சிகிச்சை நோயாளி வீடு திரும்பியபின் தொடங்குவதன்று. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தொடங்குவது. இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல், மயக்கத்தில் இருப்பவரின் கைகால் மூட்டுகளைப் பிறர் மெல்ல அசைத்தல், தெளிந்தபின் கட்டிலின் விளிம்பில் உட்காரவைத்தல், பிடித்து நிற்கவைத்தல், ஓரிரு அடி நடக்கவைத்தல் என அது படிப்படியாக வளர்கிறது. அமெரிக்காவில் 104 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இவ்வாறு முன்கூட்டியே பயிற்சி பெற்றவர்களுள் 59 விழுக்காட்டினர் மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் நிலையை அடைந்தனர். ஏனையோருள் இது 35 விழுக்காடாகவே இருந்தது. எனினும் பயிற்சி மிகுந்தால் பயனும் மிகும் என்று எண்ணிவிடலாகாது. 2022ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், வழக்கத்தைவிடத் தீவிரமாக அசைக்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் நன்மை கிட்டவில்லை. தீங்குகளே சற்று மிகுந்தன. மருந்தைப் போலவே பயிற்சிக்கும் அளவு உண்டு. அந்த அளவை அறிந்தவரே இயன்முறை சிகிச்சையாளர்.

வேலூர் காட்டிய வழி

இத்துறையில் இந்தியா பிறரைப் பார்த்து நிற்க வேண்டிய நாடன்று. கேரளத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டின் வழிகாட்டுதலில், தொழுநோயாளர்களின் கைகளைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சைகளை மேற்கொண்டார். பின்னர் நியூயார்க் சென்று, மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நிறுவிய நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அவரது முயற்சியால் 1966ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது; 1986ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

மேரி வர்கீசின் வாழ்வு தரும் பாடம் இரண்டு. முதலாவது, இழந்த ஆற்றலை எண்ணிக்கொண்டிராது எஞ்சிய ஆற்றலைக் கணக்கிடுவதே மறுவாழ்வின் தொடக்கம் என்பது. இரண்டாவது, மறுவாழ்வு என்பது ஒருவர் வாழப்போகும் வீட்டையும் செய்யப்போகும் தொழிலையும் நோக்கியே திட்டமிடப்பட வேண்டும் என்பது. சமதளத்தில் வாழும் அலுவலக எழுத்தருக்கு வகுக்கப்பட்ட பயிற்சி, சரிவில் வாழும் தேயிலைத் தொழிலாளிக்குப் போதுமானதாகாது.

மலையின் நிலை

இடுக்கி மாவட்டம் 1972ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் உருவானது. மூணாறும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் அம்மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில் அடங்கும். 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது இவ்வட்டம் கேரளத்தில் அமைந்தது. தோட்டங்களில் உழைக்கும் மக்களுள் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும், தேவிகுளம் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலும் உள்ளன. தேவிகுளத்தின் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நலமுள்ளவர் இதனை உணர்வதில்லை. நுரையீரல் நலிந்தவரோ கொச்சியிலோ மதுரையிலோ எளிதாக மூச்சுவிட்டு, மலையேறியவுடன் இளைக்கத் தொடங்குகிறார். மருத்துவமனை அவரை அனுப்பிவைக்கும்போது இதனையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி வீட்டைக் காணலாம். 'லயம்' எனப்படும் வரிசை வீடுகள் பலவும் சரிவுகளில் அமைந்தவை. கழிப்பறைக்குச் செல்லப் படிகள் இறங்க வேண்டும். அங்கே குந்தி அமர வேண்டும். தொடைத் தசை மெலிந்தவருக்குக் குந்தி எழுதலே நாளின் கடினமான வேலை. மழைக்காலத்தில் வழி வழுக்கும். பனிக்காலத்தில் மூட்டுகள் இறுகும். ஒருவர் படுத்திருந்தால் மற்றொருவர் வேலையை விட்டு உடனிருக்க வேண்டும். அதனால் ஒரு நோய், இரு கூலிகளை நிறுத்திவிடுகிறது.

உயர் சிகிச்சைக்கு ஒருபுறம் கோட்டயம், எர்ணாகுளம். மறுபுறம் போடிமெட்டு வழியாக இறங்கித் தேனி, மதுரை. மூணாறிலிருந்து தேனி ஏறத்தாழ 85 கிலோமீட்டர்; மலைச் சாலையில் அது அரைநாள் பயணம். வாரம் மூன்று முறை பயிற்சிக்கு வருமாறு மருத்துவமனை எழுதிக் கொடுப்பது காகிதத்தில் மட்டுமே நிறைவேறக்கூடியது. முதுவர் குடிகள் அடங்கிய இடமலக்குடி, 2010ஆம் ஆண்டு கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. அங்கிருந்து நோயாளிகளைக் காட்டு வழியே சுமந்து வந்த நிகழ்வுகள் பலமுறை செய்தியாகியுள்ளன. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவு 70 உயிர்களைக் கொண்டது. தொடர்பற்றுப்போன அம்மலைப்பகுதியிலிருந்து செய்தி வெளியே வரவே மறுநாள் ஆயிற்று. மலைக்கு வேண்டிய உதவி மலையிலேயே இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

வீட்டில் பயிற்சியின் படிகள்

நல்வாய்ப்பாக, மறுவாழ்வுப் பயிற்சியின் பெரும்பகுதிக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கற்பிப்பவர் ஒருவரும், கற்றுக்கொள்ளும் குடும்பமும், ஒழுங்கும் இருந்தால் போதும்.

முதற்படி மூச்சுப் பயிற்சி. நிமிர்ந்து அமர்ந்து, மூக்கால் ஆழ இழுத்து, உதடுகளைக் குவித்து மெல்ல வெளிவிடுதல். ஆழ மூச்சிழுத்து, வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதிச் சளியை மேலேற்றுதல். இரண்டாம் படி நாற்காலிப் பயிற்சி. கையூன்றாமல் எழுந்து அமர்வதை முதல்நாள் மூன்று முறை செய்தவர், மெல்ல மெல்லப் பத்துக்கு உயர்த்தலாம். மூன்றாம் படி நடை. முதலில் வீட்டு வாசலின் சமதளத்தில், பின்னர் சிறு சரிவில், இறுதியாகப் படிகளில். நடக்கும்போது வாக்கியம் முழுதும் பேச முடிந்தால் அளவு சரியானது. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். விரல் நுனியில் பொருத்தும் ஆக்சிஜன் அளவி ஒன்று சுகாதாரப் பணியாளரிடம் இருந்தால், பயிற்சியின்போது அளவு இறங்குகிறதா என்பதை அங்கேயே அறியலாம். நெஞ்சுவலி, மயக்கம், புதிய கால் வீக்கம், உதடு நீலமாதல் ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

உணவும் சிகிச்சையின் ஓர் அங்கமே. தேயும் தசையைக் கட்டியெழுப்பப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, மீன், பால், சுண்டல் ஆகியவற்றுள் இயன்றதை ஒவ்வொரு வேளையும் சேர்க்க வேண்டும். கஞ்சி மட்டும் ஊற்றி நோயாளியைத் தேற்ற முனையும் வழக்கம் அன்பின் பாற்பட்டதேயாயினும், தசைக்குப் போதாது. விழுங்கத் தடுமாறுபவருக்கு நிமிர்ந்த நிலையில், சிறு கவளங்களாக, கெட்டியான உணவுக் கூழ் தருவதே பாதுகாப்பு. நீர்ப்பண்டத்தை அவசரமாகப் புகட்டுதல் ஆகாது.

இக்குறிப்புகள் அனைத்தும் நோயாளி அறிந்த மொழியில் இருத்தல் இன்றியமையாதது. சிகிச்சைக் குறிப்பு ஆங்கிலத்திலும், வாய்மொழி அறிவுரை மலையாளத்திலும், வீட்டுப் பேச்சு தமிழிலும் அமையும்போது, பயிற்சியின் நுட்பம் இடைவழியிலேயே நழுவிப்போகிறது. படங்களோடு கூடிய ஒரு பக்கத் தமிழ்க் கையேடு பல மருந்துச் சீட்டுகளைவிடப் பயனுடையதாகும்.

வேலைக்குத் திரும்புதல்

கொழுந்து கிள்ளும் வேலையை மறுவாழ்வுக் கண்கொண்டு நோக்கினால், அது பல திறன்களின் கூட்டு என்பது விளங்கும். சரிவில் கால்மாற்றி நிற்பதற்குச் சமநிலை வேண்டும். கத்தரி பிடித்து வெட்டுவதற்குத் தோளும் மணிக்கட்டும் வலுப்பெற வேண்டும். நிறைந்த மூட்டையை எடை போடும் இடத்திற்குச் சுமப்பதற்கு முதுகும் மூச்சும் வேண்டும். இவற்றுள் எது குறைவோ அதற்கே பயிற்சி அமைய வேண்டும். நீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்குதல், மணல் பையை அளவறிந்து சுமத்தல் முதலியன வீட்டிலேயே செய்யத்தக்கவை.

முழு வேலை அல்லது முழு ஓய்வு என்ற இருமுனைகளுக்கு இடையே ஒரு பாலம் தேவை. நாற்றுப்பண்ணையில் அமர்ந்து பைகளில் மண் நிரப்புதல், குழந்தைக் காப்பகத்தில் உதவுதல் போன்ற இலகு வேலைகளைச் சில வாரங்களுக்கு அளித்தால், தொழிலாளி கூலியையும் தன்மதிப்பையும் இழவாது தேறுவார். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் நோய்க்கால உதவித்தொகையையும் நிருவாகத்தின் கடமையாக்கியது. பின்னர் 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அச்சட்டம் அடக்கப்பட்டது. நோய்க்காலத்தை ஏற்றுக்கொண்ட அதே நெறி, தேறும் காலத்தையும் ஏற்றுக்கொள்வது இயல்பான அடுத்த படியாகும்.

இம்மலைக்கு மறுவாழ்வு என்ற சொல் புதியதன்று. தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக 1991ஆம் ஆண்டு மூணாறில் தொடங்கப்பட்ட முயற்சி, 'சிருஷ்டி' என்ற பெயரில் வளர்ந்தது. கல்வியில் தொடங்கிய அது, கையால் காகிதம் செய்தல், இயற்கைச் சாயமிடுதல் போன்ற தொழில்களால் வாழ்வூதியத்திற்கும் வழி வகுத்தது. பிள்ளைகளுக்கு இயன்றது, நோயால் தளர்ந்த பெற்றோருக்கும் இயலும்.

இரு மாநிலங்களின் அனுபவம்

மலையின் இருபுறமும் உள்ள மாநிலங்கள் இதற்கான அடித்தளத்தை ஏற்கெனவே இட்டுள்ளன. கேரளத்தில் 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புப் பராமரிப்பு இயக்கம், மக்கள் பங்கேற்பால் ஊர்தோறும் பரவியது. 2008ஆம் ஆண்டு மாநில அரசு அதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. ஊராட்சியின் துணையோடு செவிலியர் வீடு தேடிச் செல்லும் முறை அங்கு வேரூன்றியுள்ளது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றது.

எனினும் இடைவெளி உண்டு. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பியபின் 15 நாட்களுக்கான செலவும் அதில் அடங்கும். ஆனால் தசை தேறுவதற்குப் பதினைந்து நாட்கள் போதா, மாதங்கள் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆனால் சில மாதங்கள் நடக்க இயலாது தளர்ந்திருப்பவர் அவற்றுள் எதிலும் எளிதில் அடங்குவதில்லை. நோயாளி என்ற பட்டியலிலிருந்து நீங்கி, மாற்றுத்திறனாளி என்ற பட்டியலிலும் சேராது, இடையில் நிற்பவரே நம் நாட்டின் தீவிர சிகிச்சையிலிருந்து மீண்டவர். மாநில எல்லையைக் கடந்து சொந்த ஊருக்குச் சென்று தேற முனைபவரின் நிலை இன்னும் கடினம். அவரது குறிப்பேடு ஒரு மாநிலத்திலும் உடல் மற்றொரு மாநிலத்திலும் இருக்கின்றன.

செய்யத்தக்கவை

பெரும் கட்டடங்களோ பெரும் நிதியோ இன்றி இப்பொழுதே செய்யத்தக்கவை சில உள. ஒன்று: தீவிர சிகிச்சையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் பெயரும் ஊராட்சிச் செவிலியருக்கும் தோட்ட மருத்துவமனைக்கும் அன்றே அறிவிக்கப்பட வேண்டும். இரண்டு: முதல் வாரத்திற்குள் வீட்டில் ஒருமுறை நேரில் கண்டு, எழுதல், நடத்தல், விழுங்கல், உறக்கம் ஆகிய நான்கையும் சோதிக்க வேண்டும். மூன்று: இயன்முறை சிகிச்சையாளர் குறித்த நாட்களில் தோட்டம் தோட்டமாகச் சுற்றிவர, இடைப்பட்ட நாட்களில் பயிற்சியளிக்கப்பட்ட உள்ளூர்ப் பணியாளர் தொடர வேண்டும். நான்கு: வீட்டில் கைப்பிடிக் கம்பி, கழிப்பறை நாற்காலி போன்ற சிறு மாற்றங்களுக்கு ஊராட்சி நிதி உதவலாம். ஐந்து: மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மீண்டும் சோதித்து, வேலைக்குத் திரும்பினாரா என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

இவ்வைந்தினுள் இறுதியானதே முதன்மையானது. எதனை அரசு அளக்கிறதோ, அதனையே நிருவாகம் கவனிக்கும். பிழைத்தோர் எண்ணிக்கையோடு, மீண்டும் தம் காலில் நின்றோர் எண்ணிக்கையும் ஆண்டறிக்கையில் இடம்பெறும் நாளில், மருத்துவமனைக்கும் லயத்திற்கும் இடைப்பட்ட அந்த நாற்பது படிகள் யாருடைய பொறுப்பு என்ற ஐயம் எழாது.

அத்தொழிலாளி இன்று வாசலில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்திருக்கிறார் என்றால், நாளை ஆறு முறை எழ வேண்டும். ஒருநாள் அவர் அந்தப் படிகளைத் தாமே இறங்கிச் சென்று தம் கூடையை எடுப்பார். வளர்ச்சி என்ற சொல்லுக்கு மலைவாழ் மக்கள் அறிந்த பொருள் இதுவே.